ரொட்டேட் 7

இரவு இரண்டு மணிக்குத் திரையில் 'பெர்மிஷன் டினைட்' என்று வந்தால் கை தானாக எதை அடிக்கும் என்பது சர்வர் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும். சிஎச்மாட், ஒரு மைனஸ் ஆர், 777. அந்த டைரக்டரிக்குள் இருக்கிற எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம். பிழை போய்விடும். அப்ளிகேஷன் எழுந்து நிற்கும். நாம் போய்ப் படுத்துவிடலாம்.

சில வருடங்களுக்கு முன்னால் நானும் அதைத்தான் செய்தேன். பகலில் யாரோ அந்த அப்ளிகேஷனை ஒருமுறை ரூட் யூசராக ஓடவிட்டிருக்கிறார்கள். அப்போது உருவான லாக் ஃபைல் ரூட்டின் பெயரில் பிறந்துவிட்டது. இரவில் அப்ளிகேஷன் வழக்கம்போலத் தன் சொந்த யூசரில் எழுந்தபோது, தன்னுடைய லாக்கிலேயே தன்னால் எழுத முடியாமல் விழுந்துவிட்டது. இதற்குச் சரியான மருந்து ஃபைலின் உரிமையாளரை மாற்றுவது. அதுவும் ஒரே வரிதான். எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் எந்தெந்த ஃபைல் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடம் என்னிடம் இல்லை என்று அப்போது நினைத்தேன்.

கம்ப்யூட்டர் பக்கம் போகாதவர்களுக்காகக் கொஞ்சம். யூனிக்ஸ் உலகத்தில் ஒரு ஃபைலுக்கு மூன்று வகை மனிதர்கள்தான் உண்டு: உரிமையாளர், குழு, மற்றவர்கள். 1970-களில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் கையில் உருவான ஏற்பாடு இது. உங்கள் ஆண்ட்ராய்டு போனின் அடியிலும் இன்று இதுதான் ஓடுகிறது. படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்றையும் கூட்டினால் 7. 640 என்றால் உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம். குழுவில் இருப்பவர்கள் படிக்க மட்டும். மற்றவர்களுக்கு ஒன்றும் கிடையாது. சிஸ்டம் லாக்குகளைப் பல லினக்ஸ்கள் இந்த 640-இல்தான் வைத்திருக்கின்றன. சாட்சியத்தை எழுத ஒருவர், வாசிக்கச் சிலர், ஊருக்கு அங்கே வேலை இல்லை.

இந்த ஏற்பாட்டில் புதிதாகக் கற்றுக்கொள்பவர்களை எப்போதும் திகைக்க வைக்கிற ஒரு விஷயம் உண்டு. ஒரு ஃபைலை அழிப்பதற்கு அந்த ஃபைலின் மேல் உங்களுக்கு எந்த அனுமதியும் தேவையில்லை. அது இருக்கிற டைரக்டரியின் மேல் அனுமதி இருந்தால் போதும். டைரக்டரி என்பது ஒரு பெயர்ப் பட்டியல். அழிப்பது என்றால் பட்டியலிலிருந்து ஒரு பெயரை அடிப்பது. அதனால் படிக்கவே முடியாத ஒரு ஃபைலை உங்களால் இல்லாமல் ஆக்க முடியும். பத்திரத்தைப் பிரித்துப் பார்க்க உங்களுக்கு உரிமை இல்லை, ஆனால் பீரோ உங்களுடையது என்பதால் அதை எடுத்து அடுப்பில் போடலாம் என்பது மாதிரி. முதல் வேலையில் இதைக் கேட்டபோது சிரித்தேன். இதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று பிறகு தெரிந்தது.

777 அடித்துச் சில வாரங்கள் கழித்து அதே சர்வரில் டிஸ்க் நிரம்பியது. லாக் ஃபைல்கள் அப்படித்தான், யாரும் கவனிக்காவிட்டால் வளர்ந்துகொண்டே போகும். அதற்காகத்தான் லாக்ரொட்டேட் என்ற சின்ன நிரல் இருக்கிறது. தினமும் ஒரு நேரத்தில் வரும். இன்றைய லாக்கை எடுத்து '1' என்று பெயர் வைக்கும், நேற்றைய 1 இப்போது 2 ஆகும், 2 இப்போது 3. நாம் கொடுத்த எண்ணைத் தாண்டியதைத் தூக்கிப் போட்டுவிடும். அது ஏன் தன் வேலையைச் செய்யவில்லை என்று பார்த்தேன். காரணத்தை அதுவே எழுதி வைத்திருந்தது: இந்த டைரக்டரியில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று இருக்கிறது, இது பாதுகாப்பில்லை, நான் தொட மாட்டேன்.

என்னோடு வேலை பார்த்தவர்களில் எத்தனை பேர் இப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒரு நிரல் சொன்னது. அந்த மறுப்பைத் தாண்டுவதற்கும் வழி உண்டு, எந்த யூசராக மாறி இந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று செட்டிங்கில் ஒரு வரி சேர்த்தால் அது கேள்வி கேட்பதை நிறுத்திவிடும். சேர்த்தேன். டிஸ்க் மறுபடி நிரம்பி இன்னொரு இரவு கெடக்கூடாது என்று தினசரி, ரொட்டேட் 7 என்று வைத்தேன். ஏழு நாள். ஏன் ஏழு? தெரியாது. வாரத்துக்கு ஏழு நாள் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. மேலே ஒரு கமெண்ட் போட்டேன்: 'டெம்ப் ஃபிக்ஸ்', என் இனிஷியல், தேதி. நம் துறையில் தற்காலிகம் என்று எழுதப்பட்டதைப்போல நீண்ட ஆயுள் வேறு எதற்கும் கிடையாது.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு புகார் வந்தது. குறிப்பிட்ட ஓர் இரவில் ஒரு தொகுதி வாடிக்கையாளர்களுக்குப் பணம் இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறது. கணக்குப் பிரிவு கண்டுபிடித்துச் சொன்னபோது பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அந்த இரவு ஷிஃப்டில் இருந்தவன் கான்ட்ராக்டில் வந்த ஒரு தம்பி, இருபத்து மூன்று வயதிருக்கும். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவான். ஸ்கிரிப்டை அவன் கையால் இரண்டாவது முறை ஓடவிட்டான் என்பது சந்தேகம். இல்லை, ஒருமுறைதான் ஓடவிட்டேன், ஷெட்யூலர் தானாக இன்னொரு முறை ஓட்டியிருக்கிறது என்பது அவன் சொன்னது.

லாக்கில் பார்த்தால் தெரிந்துவிடும். லாக் இல்லை. ஐந்து நாள் முன்னாலேயே அது பட்டியலிலிருந்து விழுந்துவிட்டது.

ஆனால் அவனிடம் ஒரு காப்பி இருந்தது. அன்றிரவே ஏதோ சரியில்லை என்று பட்டு, லாக்கின் அந்தப் பகுதியைத் தன் ஹோம் டைரக்டரியில் எடுத்து வைத்திருக்கிறான். மீட்டிங்கில் அதைத் திறந்து காட்டினான். ஷெட்யூலர் ஓட்டியதாக ஒரு வரி அதில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு எங்கள் லீட் சொன்னது தொழில்நுட்ப ரீதியாக முழுக்கச் சரி. இந்த ஃபைல் உன் பெயரில் இருக்கிறது, நீ எதையும் எழுதியிருக்கலாம். சரி, மூல ஃபைலே இருந்திருந்தாலும்கூட அந்த டைரக்டரி 777. அதில் யார் வேண்டுமானாலும் ஒரு வரி சேர்க்கலாம். இதை எப்படி ஏற்றுக்கொள்வது?

பிறகு பொதுவாகக் கேட்டார், "யாருப்பா இப்படி வெச்சது?"

"முன்னாடி இருந்தே அப்படித்தான் இருக்கு" என்றேன்.

அவனுடைய கான்ட்ராக்ட் அந்த மாதத்தோடு புதுப்பிக்கப்படவில்லை.

அவன் சொன்னது உண்மையா என்று எனக்கு இன்றும் தெரியாது. இரண்டாவது முறையும் அவனே ஓட்டியிருக்கலாம். பயத்தில் அந்த வரியை அவனே எழுதியிருக்கவும் கூடும். இதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை எனக்கு வசதியான ஒரு பாவமன்னிப்பாக ஆகிவிடும். அவன் நிரபராதி, நான் குற்றவாளி என்றால் கதை எளிது. இங்கே அவன் யார் என்று தெரிந்துகொள்ளும் வழியையே நான் இல்லாமல் ஆக்கியிருந்தேன்.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானங்கள் உண்டு. நான் எதையும் அழிக்கவில்லை. விஷயம் தெரிந்த பிறகு லாக்கை அழிப்பது வேறு, எட்டு மாதம் முன்பு ஒரு எண்ணை எழுதுவது வேறு. முன்னது சாட்சியத்தைக் கலைப்பது, பின்னது வெறும் நிர்வாகம். சட்டமும் இந்த வித்தியாசத்தைப் பார்க்கும். அழித்தது யார் என்று கேட்டால், தினமும் குறித்த நேரத்தில் ஓடுகிற ஒரு நிரல். லினக்ஸில் 'நோபடி' என்றே ஒரு யூசர் உண்டு, யாருக்கும் சொந்தமில்லாத வேலைகளை அவன் பெயரில் ஓட்டலாம். அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் சங்கடமாக இருக்கும், ஒரு அலுவலகத்தின் பாதி முடிவுகளை எடுப்பவன் அவன்தான்.

இந்தச் சமாதானத்தில் உண்மை இல்லாமல் இல்லை. எல்லாவற்றையும் என்றென்றைக்கும் வைத்திருப்பதுதான் நேர்மை என்று நான் நம்பவில்லை. 2018 மே மாதம் ட்விட்டர் தன் முப்பத்து மூன்று கோடி பயனர்களிடமும் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னது. காரணம், ஒரு பிழையால் பாஸ்வேர்டுகள் மறைக்கப்படுவதற்கு முன்பாகவே உள் லாக் ஒன்றில் அப்படியே எழுதப்பட்டுக்கொண்டிருந்தன. லாக் என்பது நாம் நினைப்பதைவிட வாய் நீளமானது. யார் எந்த நேரத்தில் எங்கிருந்து என்ன தேடினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த அப்ளிகேஷனின் லாக்கிலேயே வாடிக்கையாளர்களின் போன் நம்பர்கள் கிடந்தன. 777 என்பதால் எங்களில் யார் வேண்டுமானாலும் படித்திருக்கலாம். அவர்களுக்கு ஏழாம் நாள் வரும் மறதி ஒரு பாதுகாப்பு. இந்தியாவில் இந்த இழுபறி சட்டமாகவே இருக்கிறது: சிஇஆர்டி-இன் 2022 ஏப்ரலில் இட்ட உத்தரவு லாக்குகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது, 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நோக்கம் முடிந்ததும் தகவலை அழிக்கச் சொல்கிறது. இரண்டும் நியாயம்தான். ஆக எத்தனை நாள் என்ற கேள்விக்கு என்னிடம் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. யாராவது உட்கார்ந்து, யாருக்கு இது தேவைப்படும், யாரை இது காட்டிக்கொடுக்கும் என்று இரண்டு பக்கமும் யோசித்து ஒரு எண்ணைச் சொல்லவேண்டும். நான் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

அதைவிடக் கனமான கேள்வி இன்னொன்றில் இருக்கிறது என்று பிரிட்டன் தபால் நிலைய வழக்கைப் படித்தபோது தோன்றியது. 1999 முதல் அங்கே ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் கொண்டுவரப்பட்டது, புஜித்சு நிறுவனம் நடத்தியது. கிளைத் தபால் நிலையங்களை ஒப்பந்தத்தில் நடத்துகிற சப்-போஸ்ட்மாஸ்டர்கள் பலருடைய கணக்கில் பணம் குறைவதாக ஹொரைசன் காட்டியது. இல்லை என்றவர்களை யாரும் நம்பவில்லை. இயந்திரத்தின் பதிவு இருக்கிறதே. 2015 வரைக்குமான ஆண்டுகளில் 900-க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். பிரிட்லிங்டனில் கிளை நடத்திய லீ காசில்டன் 2007-இல் சிவில் வழக்கில் தோற்று, மூன்று லட்சத்து இருபத்தோராயிரம் பவுண்டு வழக்குச் செலவு சுமத்தப்பட்டு திவாலானார். சீமா மிஸ்ரா 2010-இல் வயிற்றில் குழந்தையோடு சிறைக்குப் போனார்.

அங்கே நீதிமன்றங்கள் ஏன் நம்பின என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. கம்ப்யூட்டர் பதிவைச் சாட்சியமாகக் கொடுப்பவர் அது சரியாக இயங்கியது என்று முதலில் காட்டவேண்டும் என்ற விதி இங்கிலாந்தில் இருந்தது. 1999-இல் கொண்டுவந்த சட்டத்தால் அதை எடுத்துவிட்டார்கள். அதன்பின் இயந்திரம் சரியாக இருந்தது என்றே எடுத்துக்கொள்ளப்படும், இல்லை என்பவர்தான் காட்டவேண்டும். ஒரு கிளைத் தபால்காரர் எதை வைத்துக் காட்டுவார்? உள்ளே பார்க்க அவருக்குப் பெர்மிஷன் இல்லை. 640-இல் கடைசியாக வரும் அந்த 0 அவர்தான்.

கிளைக் கணக்கை வெளியிலிருந்து யாரும் தொடவே முடியாது என்று தபால் நிறுவனம் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தது. ஆலன் பேட்ஸ் முன்னின்று 555 பேர் தொடுத்த வழக்கில் 2019 டிசம்பரில் வந்த தீர்ப்பு அதை உடைத்தது. ஹொரைசனில் பிழைகள் இருந்தன. புஜித்சு ஊழியர்களால் கிளைக்காரருக்குத் தெரியாமல் கணக்கில் பதிவுகளைச் செருக முடிந்தது. 2024-இல் நாடாளுமன்றமே தனிச் சட்டம் போட்டு அந்தத் தண்டனைகளை ரத்து செய்தது.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மென்பொருளில் பிழை இருந்ததையே பேசுகிறார்கள். பிழை எல்லா மென்பொருளிலும் இருக்கும். என்னைத் தூங்கவிடாதது எழுதும் அனுமதி பற்றிய பொய். ஒரு பதிவை யார் யார் எழுதியிருக்க முடியும் என்பதுதான் அந்தப் பதிவின் எடை. அந்தப் பட்டியலை மறைத்துவிட்டால் பதிவில் இருக்கிற ஒவ்வொரு வரியும், அது சரியான வரியாகவே இருந்தாலும், யாரோ ஒருவர் தலைமேல் அநியாயமாக விழும். எங்கள் மீட்டிங்கில் இதற்கு நேர்மாறாக நடந்தது. அங்கே யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் லாக்குக்கு எடையே இல்லாமல் போனது. இரண்டு இடத்திலும் அடிபட்டது ஒப்பந்தக்காரர்தான். லாக் பலமாக இருந்தபோதும் அது அவருக்கு எதிராக நின்றது, பலவீனமாக இருந்தபோதும் அவருக்கு உதவவில்லை. இதைத் தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லி நகர்ந்துவிட என்னால் முடியவில்லை.

செய்திருக்கக்கூடியவை சின்ன விஷயங்கள். ஒரு ஃபைலுக்கு 'சேர்க்க மட்டும்' என்று ஒரு குணம் கொடுக்க முடியும். எழுதிய வரியை அதன்பின் திருத்த முடியாது, அடியில் புதிய வரியைத்தான் சேர்க்கலாம். ரூட் நினைத்தால் அதையும் எடுத்துவிடலாம், அதனால் இன்னும் நல்லது லாக்கை உடனுக்குடன் வேறொரு சர்வருக்கு அனுப்பிவிடுவது. அப்ளிகேஷனைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு அங்கே கை எட்டக்கூடாது. இவை எல்லாம் பெரிய நிறுவனங்களுக்குத்தான் என்று நினைத்திருந்தேன். 2016-இல் டெபியன், உபுண்டு தந்த என்ஜின்எக்ஸ் தொகுப்பில் ஒரு ஓட்டை வெளிவந்தது. அதன் லாக் டைரக்டரி ரூட்டின் பெயரில் இல்லாமல் வெப்சர்வர் யூசரின் பெயரில் இருந்தது. அந்த யூசராக உள்ளே நுழைந்த ஒருவர் லாக் ஃபைலின் இடத்தில் வேறொன்றுக்குச் சுட்டும் ஒரு இணைப்பை வைத்துவிட்டுக் காத்திருந்தால் போதும். லாக்ரொட்டேட் தன் நேரத்துக்கு வந்து வேலையைச் செய்யும்; அவர் ரூட் ஆகிவிடலாம். தன் சாட்சியம் இருக்கும் டைரக்டரி தன் கையிலேயே இருக்கிறது, அதுதான் மொத்த ஓட்டையும். அதைப் படித்த அன்று எங்கள் சர்வரை நினைத்துக்கொண்டேன். அங்கே இதைவிட மோசம், டைரக்டரி எல்லார் கையிலும் இருந்தது.

அதையெல்லாம் பிறகு சரிசெய்தேன். உரிமையாளரை மாற்றினேன், 750 வைத்தேன், ரொட்டேட்டை 90 ஆக்கினேன். மொத்தம் இருபது நிமிடம் ஆகியிருக்கும். 'டெம்ப் ஃபிக்ஸ்' கமெண்டையும் அழித்தேன். அதை அழிக்கும்போது ஒரு நொடி தயங்கியது ஞாபகம் இருக்கிறது. வேறு யாராவது பார்த்துவிடுவார்களோ என்பதுதான் அந்தத் தயக்கத்தில் இருந்தது என்று இப்போது ஒத்துக்கொள்ளலாம்.

எண்ணை யோசிக்காமல் வைத்தது சோம்பல். 777 அசதி. இரண்டையும் மன்னித்துக்கொள்ள எனக்குப் பெரிதாகக் கஷ்டம் இல்லை, நாளைக்கே தூக்கக் கலக்கத்தில் மறுபடி செய்வேன். "முன்னாடி இருந்தே அப்படித்தான்" என்றதை அந்த வரிசையில் வைக்க முடியவில்லை. அப்போது நான் விழித்திருந்தேன். சர்வரில் எதுவும் மிச்சமில்லாத நிலையில் என்ன நடந்தது என்பதில் ஒரு சிறு பகுதியாவது என்னிடம் இருந்தது. கேள்வி வந்தபோது அதையும் விழ விட்டேன்.

இரண்டு வருடம் கழித்து அவனே கூப்பிட்டான். நான் வேறு கம்பெனிக்கு வந்துவிட்டேன், அங்கே இடம் இருக்கிறதா என்று கேட்பதற்காக. பேச்சின் நடுவில் சொல்லிவிட்டேன். அந்த 777 நான்தான், ரொட்டேட் 7 நான்தான், அன்றைக்குப் பொய் சொன்னேன் என்று.

"தெரியும்ணா" என்றான்.

லாக்ரொட்டேட்டின் செட்டிங் ஃபைல்கள் வழக்கமாக 644-இல் இருக்கும். மற்றவர்களும் படிக்கலாம். மீட்டிங்குக்கு முன்தினமே லாக் ஏன் இல்லை என்று தேடிப்போய் அதைத் திறந்து பார்த்திருக்கிறான். கமெண்டில் என் இனிஷியல் இருந்தது.

"அப்பவே சொல்லியிருக்கலாமேடா."

"நீங்க சொல்லுவீங்கன்னு நினைச்சேன்ணா."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பின்னால் பஸ் ஸ்டாண்டு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவனே, உங்க கம்பெனில நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள்ணா என்று கேட்டான். 90 என்றேன். ரொம்ப ஜாஸ்தி என்றான்.